கணக்கு கிளாஸை நிறுத்திட்டு ஏஐ நடத்த முடியாது: நான் படிச்ச காலேஜ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் அய்யாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும் நிர்வாகக் குழுவுல இருக்குற எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை புளியரைல இருந்து எங்க மதினி போன் பண்ணாங்க. அவங்க மகன், எனக்கு மருமகன், இந்த வருஷம் பன்னெண்டாவது முடிச்சிருக்கான். லீவு நாள்ல செங்கோட்டைல ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்கு வேலைக்குப் போவான், காயில் சுத்துறதுல இருந்து டெஸ்ட் பண்றது வரைக்கும் அவனே பாப்பான், ஒன்பதாம் கிளாஸ்ல இருந்தே ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்த பையன். அவனைக் கூட்டிக்கிட்டு நம்ம காலேஜுக்கு வந்திருக்காங்க. ட்ரிபிள் ஈ இந்த வருஷத்தோட எடுத்தாச்சு, மெக்கானிக்கலும் எடுத்தாச்சு, ஏஐ டேட்டா சயின்ஸ்ல போடுங்க, நாலு வருஷத்துல பையன் லட்சத்துல சம்பளம் வாங்குவான், 25,000 அட்வான்ஸ் கட்டிட்டு ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் குடுத்துட்டுப் போங்க, திங்கட்கிழமை தாண்டுனா சீட் இருக்காதுன்னு அட்மிஷன் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. எங்க அண்ணன் தென்மலை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறவர், விடியறதுக்கு முன்னாடியே கோட்டவாசல் தாண்டிருவார், மழை பெஞ்சா அன்னைக்குக் கூலி கெடையாது. கம்மலை அடகு வச்சு அந்த 25,000-ஐக் கட்டிரலாமான்னு கேக்கத்தான் மதினி எனக்குப் போன் பண்ணாங்க. வைக்காதீங்க மதினின்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு உங்களுக்கும் தெரியணும், அதனாலதான் இதை எழுதுறேன்.

நான் 2014-ல உங்க காலேஜ்ல ஐடி பிராஞ்ச்ல சேந்து 2018-ல முடிச்சவ. எங்க அம்மா பீடி சுத்திதான் என்னைப் படிக்க வச்சாங்க. பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், கணக்குல 200-க்கு 178. அந்தத் தைரியத்துலதான் வந்தேன். முதல் செமஸ்டர்ல எம்-ஒன், அதாவது முதல் கணக்குப் பேப்பர், மேடம் போர்டுல மேட்ரிசஸ்னு எழுதுனாங்க, ஐகன் வேல்யூ, கெய்லி ஹாமில்டன்னு போயிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. முதல் இன்டர்னல்ல 50-க்கு 9 மார்க். மூணு வாரம் கழிச்சு பக்கத்துல இருந்த பிள்ளை நோட்டைப் பாக்கும்போதுதான் மண்டைல ஏறுச்சு, மேட்ரிசஸ்ங்குறது அணி. நான் பன்னெண்டாவதுல முழு மார்க் வாங்குன அதே அணி, அணிக்கோவை. பேரு மாறுனதுனால எனக்குத் தெரிஞ்ச பாடமே தெரியாத பாடமாப் போச்சு. ஃபங்ஷன்னா சார்பு, ப்ராபபிலிட்டின்னா நிகழ்தகவு, டிஃபரன்சியேஷன்னா வகையிடல், இதையெல்லாம் ஒருத்தர் ஒரே ஒரு நாள் உக்காந்து சொல்லியிருந்தா எனக்கு அந்த அரியர் விழுந்திருக்காது.

அப்படிச் சொன்னவர் ரெண்டாவது செமஸ்டர்ல வந்த கணக்கு சார். அவர் பேரை இங்க எழுதல, அவருக்குப் பிடிக்காது. சாயங்காலம் நாலரைக்கு மேல, காலேஜ் பஸ் கெளம்புற வரைக்கும், தமிழ் மீடியம் பிள்ளைங்களை மட்டும் உக்கார வச்சு இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் இங்கிலீஷ் சொல்லுன்னு எழுதிப்போட்டு முதல்ல இருந்து நடத்துவார். கேரளாப் பக்கம் கழுதுருட்டி எஸ்டேட்ல இருந்து வந்த என் பெஞ்ச்மேட்டுக்கு இன்னும் கஷ்டம், அவளுக்குப் பாதிச் சொல் மலையாளத்துலதான் வரும், சார் அவளுக்காக மூணாவது பத்தியும் போட்டார். (1956 நவம்பர் 1-ல செங்கோட்டை மதராஸ் பக்கம் வந்துச்சு, ஆரியங்காவு அந்தப் பக்கமே நின்னுச்சு, ஆனா ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஒரே பெஞ்ச்லதான் உக்காந்தோம்.) அந்த கிளாஸுக்கு காலேஜ் ஒரு ரூபா செலவு பண்ணல, ஒரு ரூமும் சாக்பீஸும்தான். அந்த ஒரு வருஷத்துல எங்க பேட்ச்ல எத்தனை பேரு எம்-ஒன் அரியரைத் தூக்குனோம்னு உங்க எக்ஸாம் செல்ல ரெக்கார்டு இருக்கும், எடுத்துப் பாருங்க.

அந்த சாரை நீங்க நாலு வருஷம் முன்னாடி அனுப்பிட்டீங்க. கணக்கு டிபார்ட்மெண்ட்ல ஆறு பேர் இருந்த இடத்துல இப்ப ரெண்டு பேர்னு கேள்விப்பட்டேன். சாயங்கால கிளாஸ் நின்னுபோச்சு. அதே வருஷம்தான் காலேஜ் வாசல்ல ஏஐ டேட்டா சயின்ஸ் போர்டு வந்துச்சு, அடுத்து ஏஐ மெஷின் லேர்னிங், இந்த வருஷம் சைபர் செக்யூரிட்டி.

அய்யா, இதுதான் எனக்குத் தாங்கல. கம்ப்யூட்டர் ஒரு போட்டோவைப் பாக்குதுன்னா அதுக்குள்ள அது எண்களை வரிசை வரிசையா அடுக்குன ஒரு அணி. ஏஐக்குள்ள அடுக்கு அடுக்கா இருக்குற நியூரல் நெட்வொர்க்னு சொல்றோமே, அதுல ஒவ்வொரு அடுக்குலயும் நடக்குறது பெரும்பாலும் அணிப் பெருக்கல். விடை எவ்வளவு தப்பாப் போயிருக்குன்னு பாத்து உள்ள இருக்குற எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்துறதுக்கு வகையிடல் வேணும், அதாவது ஒண்ணு மாறுனா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு பாக்குற கணக்கு. இது நாயா பூனையான்னு சொல்றதே எவ்வளவு வாய்ப்புங்குற நிகழ்தகவுதான். நான் முதல் செமஸ்டர்ல எதைப் புரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனோ அதை வச்சுத்தான் ஏஐ நிக்குது. அதைச் சொல்லிக்குடுத்தவரை அனுப்பிட்டு, சொல்லிக்குடுத்த ரூமைப் பூட்டிட்டு, பேரை மட்டும் வாசல்ல மாட்டியிருக்கீங்க.

பிராஞ்ச் பேரைப் பத்தியும் பெத்தவங்களுக்கு யாரும் நேராச் சொல்றதில்ல. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷனை, அதாவது பாடத்திட்டத்தை, எடுத்துப் பாத்தா முதல் செமஸ்டர் எல்லாருக்கும் பொது, பைத்தான்ல இருந்து தமிழர் மரபு வரைக்கும். அதுக்கப்புறமும் சிஎஸ்ஈ (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐடி, ஏஐ டேட்டா சயின்ஸ் மூணுலயும் டேட்டா ஸ்ட்ரக்சர், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்), ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்னு அஸ்திவாரப் பாடம் எல்லாம் ஒண்ணுதான், பின்னாடி எடுக்குற பேப்பர்லதான் வழி பிரியுது. அப்படி இருக்குறது தப்புன்னு நான் சொல்லல, அப்படித்தான் இருக்கணும். ஆனா அட்மிஷன் ஆபீஸ்ல சிஎஸ்ஈ எடுத்தா பழசு, ஏஐ எடுத்தா புதுசுன்னு பயமுறுத்தி ஏஐக்கு மட்டும் கூடுதலா பணம் கேக்குறாங்களே, அது தப்பு. எந்தப் பேரு போட்டாலும் அந்த நாலு பாடத்தை ஒழுங்கா நடத்துற ஆளும் லேபும் இருக்கான்னுதான் ஒரு அப்பா அம்மா கேக்கணும், அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்க.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பத்தியும் சொல்லிடுறேன், இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நாலு பேரு சேந்து ஆளுக்கு 3,000 போட்டு திருநெல்வேலில ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்குனோம். போட்டோக்குள்ள ரகசியத் தகவலை ஒளிச்சு வைக்குற ப்ராஜெக்ட், கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேத்து ஒரே சிடில குடுத்தாங்க. கடை விலாசத்தைக் குடுத்ததே நம்ம டிபார்ட்மெண்ட்தான். வைவால வெளில இருந்து வந்த எக்ஸாமினர் ஒரே ஒரு வரியைக் காட்டி இது என்ன பண்ணுதும்மான்னு கேட்டார், நாலு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னோம். பாஸ் போட்டுட்டார். அன்னைக்கு வெளில வந்து எனக்கு வந்த அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு, எங்க அம்மா 3,000 ரூபாய்க்கு எத்தனை பீடி சுத்தணும்னு எனக்குத் தெரியும். இப்பவும் அதே கடைதான், ரேட்டு மட்டும் ஏறியிருக்குன்னு பிள்ளைங்க சொல்லுதாங்க.

கேம்பஸ்ல எனக்கு ஆஃபர் லெட்டர் வந்துச்சு. காலேஜ் ஃபிளெக்ஸ்ல என் போட்டோ போட்டீங்க, செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட்ல அதைப் பாத்துட்டு அம்மா நின்னு அழுதாங்க. அந்தக் கம்பெனில இருந்து கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்ல. ஒரு வருஷம் வீட்ல இருந்தேன். நாலு தடவை பிளேஸ்மெண்ட் செல்லுக்குப் போன் பண்ணேன், ரெண்டாவது தடவைக்கு மேல எடுக்கல. என் போட்டோ மட்டும் அடுத்த வருஷ நோட்டீஸ்லயும் இருந்துச்சு.

அப்புறம் திருவனந்தபுரம் போனேன். தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை வழியா போற கேரளா பஸ்ல ஒரு பையோட ஏறி கழக்கூட்டத்துல ரூம் எடுத்தேன். அங்க இருக்குற டெக்னோபார்க் 1990-ல தொடங்குனது, இந்தியாவுலயே முதல் டெக்னாலஜி பார்க்குன்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல இருந்து சில மணி நேரத்துல போயிரலாம், ஆனா நான் படிச்ச நாலு வருஷத்துல எங்களை ஒரு நாள் கூட அங்க கூட்டிட்டுப் போனதில்ல. நைட் ஷிஃப்ட் டெக்னிகல் சப்போர்ட்ல 11,000 ரூபா சம்பளத்துல சேந்தேன். வெளிநாட்டுக்காரர் சர்வர் வேலை செய்யலன்னா லாக் ஃபைலைப் படிச்சு எங்க நின்னுபோச்சுன்னு கண்டுபிடிக்கணும். அங்கதான் சர்வர்ல ஓடுற லினக்ஸ் சிஸ்டத்தைப் படிச்சேன், அங்கதான் ஒரு பேரை பிரவுசர்ல அடிச்சா டிஎன்எஸ் எப்படி ஐபி அட்ரஸைத் தேடிக் குடுக்குதுன்னு உண்மையாவே புரிஞ்சுது. நெட்வொர்க் பேப்பர்ல நான் 70 மார்க் வாங்கியிருந்தேன், ஒரு தடவை கூட நெட்வொர்க்ல போற ஒரு டேட்டா பாக்கெட்டைக் கண்ணால பாத்தது கெடையாது. இன்னைக்கு சர்வர் பராமரிப்புல ஒரு டீமுக்கு லீடா இருக்கேன், இது காலேஜ் பேரால வந்தது இல்ல, பகல்ல தூங்காம உக்காந்து படிச்சதுல வந்தது. நீங்க என்னை அலும்னி மீட்டுக்குக் கூப்பிட்டீங்க, நான் வராததுக்குக் காரணம் இதுதான்.

இப்ப நானே இன்டர்வியூ எடுக்குறேன். பிப்ரவரில நம்ம காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான், ஏஐ டேட்டா சயின்ஸ் ஃபைனல் இயர். ஊர்க்காரப் பையன்னு எனக்கு சந்தோஷம். ரெஸ்யூம்ல மாஸ்க் போட்டிருக்காங்களா இல்லையான்னு கண்டுபிடிக்குற ப்ராஜெக்ட், 99 சதவீதம் சரியா சொல்லும்னு எழுதியிருந்தான். எதை வச்சுத் தம்பி 99-ன்னு சொல்றன்னு கேட்டேன். பயிற்சி குடுத்த அதே போட்டோவையே திரும்பக் காட்டி சோதிச்சிருக்கான். வீட்ல சொல்லிக்குடுத்த அதே கணக்கைப் பரீட்சைல குடுத்து மார்க் போட்ட மாதிரி அது. பாக்காத போட்டோவைத் தனியா எடுத்து வச்சுத்தான் சோதிக்கணும்னு அவனுக்கு ஒருத்தரும் சொல்லல. சரின்னு டேட்டாபேஸ்ல இன்டெக்ஸ் எதுக்குன்னு கேட்டேன், தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா சொன்னான், அக்கா, மெஷின் லேர்னிங் நடத்துனது மெக்கானிக்கல் சார், அவரும் பாவம் யூட்யூப் பாத்துட்டு வந்துதான் நடத்துவார், லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேர், யுபிஎஸ் போனதுல இருந்து கரண்ட் போனா லேப் முடிஞ்சுதுன்னு. அவனை நான் செலக்ட் பண்ண முடியல. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவன் மந்தமான பையன் கெடையாது, கேட்ட கேள்வியை ரெண்டு நிமிஷம் விளக்குனதும் கப்புனு பிடிச்சுக்கிட்டான்.

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் எங்க வேலை மாறிக்கிட்டு இருக்கு. சின்னச் சின்ன கோடை இப்ப டூலே எழுதிக் குடுத்துருது. புதுசா வர்ற பிள்ளைகிட்ட நாங்க எதிர்பாக்குறது, அது எழுதுனது சரியா தப்பான்னு பாத்துச் சொல்றதை. அதுக்கு அடிப்படை தெரியணும். அடிப்படை தெரியாம பேர் மட்டும் ஏஐன்னு இருக்குற டிகிரியோட வர்றவங்க முதல்ல அடிபடுவாங்க, நான் பயப்படுறது அதுக்குத்தான்.

உங்க வெப்சைட்லயே கணக்குப் போட்டுப் பாத்தேன். கம்ப்யூட்டர் சம்பந்தமான பிராஞ்ச் எல்லாம் சேத்து வருஷத்துக்கு 240 சீட், நாலு வருஷம் நிரம்புனா 960 பிள்ளைங்க. 20 பேருக்கு ஒரு ஆசிரியர்ங்குறது ஏஐசிடிஈ (இன்ஜினியரிங் காலேஜுங்களுக்கு அனுமதி குடுக்குற அகில இந்தியக் கவுன்சில்) வச்சிருக்குற அளவு, அப்ப 48 பேர் வேணும். உங்க பட்டியல்ல 27 பேர் இருக்காங்க, அதுல எட்டுப் பேரு போன வருஷம் வரைக்கும் மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ லிஸ்ட்ல இருந்தவங்க. 2024-25-ல இருந்து ஒரு பிராஞ்சுக்கு இவ்வளவுதான் சீட்டுங்குற உச்சவரம்பை ஏஐசிடிஈ எடுத்தது நல்லா நடக்குற காலேஜுங்களுக்குன்னு சொல்லித்தான். அதுல நாம வர்றோமான்னு நீங்களே உங்க மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

ட்ரிபிள் ஈ எடுத்ததும் எனக்கு ஒத்துக்க முடியல. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்தை நம்பி தென்காசி, சுரண்டை, கயத்தாறுன்னு எத்தனை காத்தாலை நிக்குது, ஒவ்வொண்ணையும் தூரத்துல இருந்து கம்ப்யூட்டர்லதான் கண்காணிக்குறாங்க. வீட்டுக்கு வீடு சோலார் வருது. மோட்டாரும் தெரிஞ்சு, கொஞ்சம் ப்ரோகிராமும் தெரிஞ்ச ஒரு பையனுக்கு இங்கயே வேலை இருக்கு. கம்ப்யூட்டர் வேலைன்னா கம்ப்யூட்டர் பிராஞ்ச் மட்டும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

அதே மாதிரி இன்ஜினியரிங் மட்டும்தான் வழின்னும் பிள்ளைங்களை நினைக்க விடாதீங்க. பிஎஸ்சி, பிசிஏ முடிச்சு எம்சிஏ போகலாம். ஐஐடி மெட்ராஸ்ல டேட்டா சயின்ஸ் பிஎஸ் ஆன்லைன்ல படிக்கலாம், ஜேஈஈ எழுத வேண்டாம், அவங்க வைக்குற தகுதித் தேர்வு பாஸ் பண்ணாப் போதும். நம்ம மத்தளம்பாறைல ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் இருக்கு, பன்னெண்டாவதும் டிப்ளமோவும் முடிச்ச பிள்ளைங்களை எடுத்து உதவித்தொகை குடுத்து சொல்லிக்குடுக்குறாங்க. மேல படிக்க ஆசைப்படுறவங்களுக்கு, எம்டெக் சேர எழுதுற கேட் பரீட்சைல 2024-ல இருந்து டேட்டா சயின்ஸ், ஏஐக்குன்னே தனிப் பேப்பர் இருக்கு. டெஸ்டிங், நெட்வொர்க், டேட்டாபேஸ், செக்யூரிட்டி, பேங்க்ல ஐடி ஆபீசர்னு எவ்வளவோ இருக்கு. எனக்கு இதுல ஒண்ணு கூட காலேஜ்ல யாரும் சொன்னதில்ல.

கடைசியா என் மருமகன் விஷயம். அவன் ஆறாம் கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மெண்ட் ஸ்கூல். 2021-ல இருந்து அப்படிப் படிச்ச பிள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்லயும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, கவுன்சிலிங் வழியா அதுல இடம் கெடைச்சா டியூஷன் ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும் அரசாங்கமே கட்டும். உங்க ஆபீஸ்ல உக்காந்திருக்குறவங்களுக்கு இது தெரியாம இருக்காது. தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம, மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கேட்டிருக்காங்க, ஒரிஜினலையும் கேட்டிருக்காங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காலேஜ் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு விதி இருக்குறது உங்களுக்குத் தெரியும்.

நான் கேக்குறது இதுதான். கவுன்சிலிங் முடியுற வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கக் கூடாது, 7.5 சதவீதத்தைப் பத்தி தமிழ்ல பெருசா எழுதி அட்மிஷன் ஆபீஸ் வாசல்ல ஒட்டணும், ஏற்கனவே வாங்குன ஒரிஜினலை எல்லாம் இந்த வாரமே திருப்பிக் குடுக்கணும். ஆசிரியர் எண்ணிக்கை சரியாகுற வரைக்கும் சைபர் செக்யூரிட்டியை ஆரம்பிக்காதீங்க, ட்ரிபிள் ஈயை ஒரு செக்‌ஷனாவது திரும்பக் கொண்டுவாங்க. பிளேஸ்மெண்ட்ல ஆஃபர் லெட்டரை எண்ணாதீங்க, போன மூணு பேட்ச்ல எத்தனை பேரு உண்மையா வேலைக்குச் சேந்தாங்க, என்ன வேலை, என்ன சம்பளம்னு பேர் இல்லாம வெளியிடுங்க, சேராதவங்க போட்டோவை ஃபிளெக்ஸ்ல இருந்து எடுங்க, என் போட்டோவையும் சேத்துத்தான். கடைல வாங்குன ப்ராஜெக்டை ஏத்துக்க மாட்டோம்னு டிபார்ட்மெண்ட்டே அறிவிக்கணும், பிள்ளைங்க எழுதுனது அம்பது வரி கோடா இருந்தாலும் அதுக்கு மார்க் போடுங்க. லேப் யுபிஎஸ்ஸை சரி பண்ணுங்க, அதுக்குப் பணம் பத்தலன்னா எங்க பேட்ச்ல கேட்டு வாங்கித் தர்றேன்.

சாயங்கால கணக்கு கிளாஸைத் திரும்ப ஆரம்பிங்க. அந்த சாரைத் திரும்பக் கூப்பிடுங்க, அவர் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கார், கூப்பிட்டா வருவார்னு நம்புறேன். அவர் வர்ற வரைக்கும் ரெண்டாம் சனி, நாலாம் சனி நான் திருவனந்தபுரத்துல இருந்து காலைல முதல் பஸ்ல வந்துருவேன், லினக்ஸும் நெட்வொர்க்கும் சொல்லிக்குடுக்குறேன், என்கூட வேலை பாக்குற ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லியிருக்காங்க. சம்பளம் வேண்டாம், வண்டிச் செலவும் வேண்டாம். அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள எந்த ரூம்னு எழுத்துல ஒரு பதில் போடுங்க.

இப்படிக்கு,
2014-18 ஐடி பேட்ச் மாணவி,
புளியரை